மூன்றாவது கையெழுத்து

போன வாரம் எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட் மக்கர் செய்தது. ஸ்ரீரங்கத்தில் லிஃப்ட் நின்றால் என்ன நடக்கும்? கீழே நாலு பேர் சேர்வார்கள். மெக்கானிக் வரும் வரை நாட்டு நடப்பை அலசுவார்கள்.

அன்றைக்கு அகப்பட்டது, காலையிலிருந்து டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்த ஒரு செய்தி. ஏதோ ஓர் அரசுக் குடிநீர் நிறுவனத்தில் ஊழியர் சங்கத்துடன் நடந்த சம்பளப் பேச்சுவார்த்தை மறுபடியும் தோல்வி.

"மோட்டார் தானா ஓடுது. தண்ணி தானா ஏறுது," என்றார் மூன்றாவது மாடிக்காரர். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். "பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாக்க மூணு பேரு. அவங்களுக்குச் சம்பள உயர்வு வேற. ரெண்டு பேரு போதாதா? நீங்களே சொல்லுங்க மேடம், சம்பளத் தகராறு உங்க டிபார்ட்மென்ட்தானே."

நான் சிரித்து வைத்தேன். ஆரம்பித்தால் லிஃப்ட் சரியாகி, மறுபடி பழுதாகும் வரை பேச வேண்டியிருக்கும்.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

இந்தப் பக்கத்தை விடாமல் வாசிப்பவர்களுக்கு என் பழைய உத்தியோகம் தெரியும். தொழிலாளர் துறை. கடைசி சில வருடங்கள் திருச்சியில் சமரச அலுவலர். நிர்வாகம் ஒரு பக்கம், சங்கம் ஒரு பக்கம், நடுவில் நான். இரண்டு தரப்பும் என்னைப் பார்த்துத்தான் பேசும். எதிரே இருப்பவரைப் பார்த்துப் பேசினால் கௌரவக் குறைச்சல்.

பேச்சுவார்த்தை எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள மினிட்ஸைப் படிக்க வேண்டியதில்லை. பிஸ்கட் தட்டைப் பார்த்தால் போதும். தட்டு காலியானால் சமரசம் பக்கத்தில் வந்துவிட்டது. அடுக்கியது அடுக்கியபடி இருந்தால்... வேலைநிறுத்தம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் ஒரு வழக்கு வந்தது. குடிநீர் நீரேற்று நிலையங்களில் வேலை பார்க்கும் ஆபரேட்டர்களின் சம்பள உயர்வுக் கோரிக்கை. காவிரிக்கு நடுவே வட்டக் கிணறுகள் நிற்கும், பார்த்திருப்பீர்கள். கரையிலிருந்து ஒடுக்கமாக ஒரு நடைபாலம் போகும். கிணற்றின் தலைமேல் மோட்டார் அறை. அங்கிருந்துதான் தண்ணீர் ஏறி, மேல்நிலைத் தொட்டிக்கு வந்து, நம் தெருவில் இறங்குகிறது.

சங்கத்தின் பக்கம் செயலாளர் அந்தோணிசாமி. கனத்த குரல், வெள்ளைச் சட்டை, கோபம் வந்தால் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றிப் போடுவார். அரசின் பக்கம் செயற்பொறியாளர் சீனிவாசன். நல்ல மனிதர்தான். ஆனால் மேலே இருந்து கொடுத்தனுப்பிய காகிதத்தைத் தாண்டி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

அந்தக் காகிதத்தில் இருந்தது இதுதான்: சம்பள உயர்வு தரலாம். பதிலுக்கு, ஷிப்ட்டுக்கு மூன்று ஆபரேட்டர் என்பதை இரண்டாக்க வேண்டும்.

"முடியாது மேடம்," என்றார் அந்தோணிசாமி. "ஒருத்தர் சுவிட்ச் பேனல்ல நிக்கணும். ஒருத்தர் வால்வுல நிக்கணும். மூணாவது ஆளு மணிக்கொரு தரம் ரீடிங் எடுத்து, டேங்குக்குச் சொல்லணும். இவங்க சம்பளத்தை ஏத்துற மாதிரி ஏத்தி ஆளைக் கழிக்கிறாங்க."

இப்படியே இரண்டு அமர்வு போனது. மூன்றாவது அமர்வுக்குச் சீனிவாசன் ஒரு தடிமனான லாக் புக்கோடு வந்தார். ஜீயபுரம் பக்கத்தில் இருக்கிற ஒரு கிணற்றினுடையது. அதை மேஜையின் நடுவே தள்ளினார்.

"இந்தக் கிணத்துல பகல் ஷிப்ட்ல எட்டு மாசமா ரெண்டே பேர்தான் மேடம். மூணாவது ஆளு தனபால்னு ஒருத்தர். இறந்துட்டாரு. அந்த இடத்தை நாங்க நிரப்பலை. ஆனா பாருங்க, ஒரு மணி நேர ரீடிங்கூட விட்டுப் போகலை. ரெண்டு பேரு போதும்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்?"

அந்தோணிசாமி புத்தகத்தை இழுத்துப் பிரித்தார். பிழை கண்டுபிடிக்கும் வேகத்தில் விரலால் கோடு கோடாக இறங்கினார். விரல் ஒரு இடத்தில் நின்றது. பக்கத்தைப் பின்னால் புரட்டினார். முன்னால் புரட்டினார். பிறகு பேனாவை மூடிவைத்தார்.

"மேடம்... இது யாரு எழுத்து?"

குனிந்து பார்த்தேன். நீர்மட்டம், அழுத்தம், மின்சாரம் என்று கட்டம் கட்டமாக எண்கள். கடைசிக் கட்டம், ரீடிங் எடுத்தவர் கையெழுத்து. ஒவ்வொரு மணிக்கும் அதே கையெழுத்து. ம. தனபால்.

"நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு தனபால் ரீடிங் எடுத்திருக்காரு," என்றார் அந்தோணிசாமி. அந்தக் கனத்த குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "நான்தான் மேடம் கூட நின்னு எரிச்சுட்டு வந்தேன். எட்டு மாசம் ஆச்சு."

சீனிவாசன் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைப் போட்டார். போட்ட பிறகு சிரிக்கவில்லை. அதுவரை அவர் எண்களை மட்டும்தான் பார்த்திருக்கிறார். பெயரை யார் பார்ப்பார்கள்?

தனபால் உயிரோடு இருந்த காலத்துப் பக்கத்தையும் நேற்றைய பக்கத்தையும் அருகருகே வைத்தோம். 'த'வின் வால் ஒரே மாதிரி வளைந்திருந்தது. இனிஷியலுக்குப் பின்னால் அதே அழுத்தமான புள்ளி. ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் அதே குறுக்குக் கோடு. யாரோ பார்த்துப் பழகி எழுதியது போல இல்லை. ஒரே கை.

பட்டப்பகல் பதினோரு மணி. ஜன்னலுக்கு வெளியே பஸ் போகிறது, ஆட்டோ போகிறது. எழுந்துபோய் ஜன்னல் கதவை முழுக்கத் திறந்துவிட்டேன்.

சீனிவாசன்தான் முதலில் தன்னிலைக்கு வந்தார். "போலிக் கையெழுத்து. போலீஸ்ல புகார் கொடுக்கப் போறேன். யாருன்னு தெரியற வரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது."

எனக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள், நானே விசாரிக்கிறேன் என்றேன். இரு தரப்பும் உடனே ஒத்துக்கொண்டன. மூன்று அமர்வுகளில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம். பிஸ்கட்டை யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை ஸ்ரீரங்கத்தில் இருக்கிற மேல்நிலைத் தொட்டிக்குப் போனேன். அந்தக் கிணற்றுத் தண்ணீர் வந்து சேருகிற இடம். அங்கே ஆபரேட்டர் வரதன். மெலிந்த, பயந்த சுபாவம். அவர் மேஜையில் ஒரு பழைய வயர் போன் இருந்தது. கிணற்றுக்குள் செல்போன் எடுக்காது, அதனால் இந்தப் பிரத்யேக லைன். அந்த போனின் நெற்றியில் திருமண் இட்டிருந்தது.

"ஆயுத பூஜைக்குப் போட்டதா?" என்றேன்.

"இல்ல மேடம். நாலஞ்சு மாசம் முன்னாடி போட்டேன்." சுற்றிலும் பார்த்துக்கொண்டார். "மோட்டார் சத்தத்துல அங்கேர்ந்து பேசினா ஒண்ணும் விளங்காது. அதனால தனபால் அண்ணன் பேனாவால ரிசீவர்ல மூணு தட்டு தட்டுவாரு. எல்லாம் சரின்னு அர்த்தம். தட்டலைன்னா நான் இங்க அவுட்லெட் வால்வை மூடிடணும். வேற யாரும் தட்ட மாட்டாங்க. கத்துவாங்க. அவரு மட்டும்தான் தட்டுவாரு."

"சரி..."

"அவரு போனப்புறமும் தட்டுது மேடம்."

நான் அந்த போனைப் பார்த்தேன். "யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"என்னன்னு சொல்றது? போனை எடுக்காம இருக்கவும் முடியாது. ஊருக்குத் தண்ணி போகணுமே."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மணி பத்து. போன் அடித்தது. வரதன் என்னைப் பார்த்தார். நானே எடுத்துக் காதில் வைத்தேன். தூரத்தில் ஏதோ பெரிய மிருகம் மூச்சு விடுவது போல மோட்டாரின் உறுமல். பிறகு... டொக். டொக். டொக். நிதானமாக, அவசரமே இல்லாமல். லைன் கட் ஆனது.

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் போனை வைத்த கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன். ஏன் துடைத்தேன்? தெரியாது.

அன்று மத்தியானம் இரண்டரை மணிக்குக் கிணற்றுக்குப் போனேன். ஆற்றில் நல்ல தண்ணீர். வெயிலில் ஓர் ஆள் இல்லை. நடைபாலத்தில் கால் வைத்ததும் உள்ளங்காலில் நடுக்கம் ஏறியது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே மோட்டார் காலுக்கு வந்துவிடுகிறது. கீழே பழுப்பு நிறத்தில் காவிரி, கிணற்றின் சுவரைச் சுற்றிக்கொண்டு போனது.

மோட்டார் அறையில் இரண்டு பேர். பேனலில் காதர் பாய். வயதில் மூத்தவர், வெள்ளைத் தாடி. மற்றவர் வால்வு பக்கம் போயிருந்தார். மூலையில் ஒரு மர நாற்காலி. அதன் முதுகில் காக்கிச் சட்டை ஏதாவது தொங்குமோ என்று என்னையறியாமல் தேடினேன். இல்லை. மேலே சுவரில் ஓர் ஆணி மட்டும் இருந்தது. நாற்காலி மேல் உரித்த வாழை நார் ஒரு கற்றை, புதிதாக, ஈரம் காயாமல்.

"இங்க மூணாவது ஆளு யாரு இருக்காங்க பாய்?"

"ரெண்டே பேருதான் மேடம்."

"லாக் புக் யார் எழுதறது?"

காதர் பாய் பேனலைப் பார்த்தபடி நின்றார். "மூணு மணிக்கு முன்னாடி கிளம்பிடுங்க மேடம். வெயில் ஜாஸ்தியா இருக்கு."

"வெயில் குறையற நேரம்தானே அது?"

நான் அந்த நாற்காலியைத் தவிர்த்துவிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். தரையின் நடுவே ஒரு சதுரத் திறப்பு. அதில் இரும்பு ஏணி கீழே இறங்குகிறது. அடியில் இருட்டு. தண்ணீரின் குளிர் மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது. நீர்மட்டம் பார்க்கிற அளவுகோல் கீழேதான் இருக்கிறதாம்.

சுவர்க் கடிகாரம் மூன்றைத் தொட்டது. காதர் பாய் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்.

ஏணி அதிர்ந்தது.

இருட்டிலிருந்து முதலில் ஒரு கை வந்தது. காக்கிச் சட்டையின் முழுக்கை. அது கம்பியைப் பிடித்தது. அடுத்த கை. பிறகு, நரை கலந்த தலை. நெற்றியில் ஒன்றுமில்லை. சட்டைக்குக் கீழே புடவை.

ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் அவர் நிற்கவில்லை, ஒளியவும் இல்லை. நேராக மேஜைக்குப் போனார். லாக் புக்கில் எண்களை எழுதினார். கையெழுத்துப் போட்டார். போனைச் சுழற்றி, பேனாவால் மூன்று முறை தட்டினார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"வண்டி வர்றதைப் பாத்துட்டுக் கீழ இறங்கிட்டேன் மேடம். ரீடிங் நேரம் வந்துட்டுது. என்ன பண்றது?"

மலர்க்கொடி. தனபாலின் மனைவி.

நான் கேட்க நினைத்த கேள்விகளில் முதலில் வந்தது இதுதான்: "அவர் எழுத்து மாதிரியே எப்படி எழுதறீங்க?"

"அவரு எழுத்தா?" மலர்க்கொடிக்கு என் கேள்வி புரியவில்லை. பிறகு புரிந்தது. "இதுல அவரு எழுத்து ஒண்ணுகூட இல்ல மேடம். எல்லாம் நான் எழுதினதுதான்."

பதினோரு வருடங்களுக்கு முன்பு வால்வுச் சக்கரம் திரும்பி அடித்ததில் தனபாலின் வலது கை விரல்கள் நசுங்கிவிட்டன. பிடிக்க முடியும், தூக்க முடியும். பேனா நிற்காது. வெளியே தெரிந்தால் 'வேலைக்குத் தகுதியில்லை' என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம். வீடு கரையிலேயே, வாழைத்தோப்புக்குள். சாப்பாடு கொண்டுவந்த மலர்க்கொடி ஒருநாள் எழுதிக் கொடுத்தார். அடுத்த நாளும். அப்புறம் காலையிலேயே வந்து, நார் கிழித்துக்கொண்டே உட்கார்ந்து, மணிக்கு மணி எழுதினார். தனபாலின் கையெழுத்து என்று துறை முழுக்க அறிந்திருந்தது, தனபால் ஒருநாளும் போடாத கையெழுத்து. போனில் தட்டியதும் இவரேதான்.

"அவர் போனப்புறமும் ஏன்?"

"காரியம் முடிஞ்சு பத்து நாள் கழிச்சு, இந்தச் சட்டையை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். அப்பத்தான் மணி அடிச்சுது. பாய் பேனல்ல இருக்காரு, இன்னொருத்தர் வால்வுல இருக்காரு. புத்தகத்தைப் பாத்தேன். பத்து நாளா கட்டம் கோணல்மாணலா, அடிச்சு அடிச்சு எழுதியிருந்தாங்க. நான் எழுதினேன்." கொஞ்சம் நிறுத்தினார். "மறுநாளும் வந்துட்டேன்."

"சம்பளம்?"

"யாரு மேடம் கொடுப்பா? வாரிசு வேலைக்கு மனு போட்டிருக்கேன். இடமே இல்லேங்கிறாங்க. இங்க மூணாவது ஆளு வேலை நின்னுபோச்சுன்னு ஆயிட்டா அந்த இடத்தையே எடுத்துடுவாங்கன்னு பாய் சொன்னாரு. அதான், ஓடட்டும்னு..."

அவருக்குத் தெரியாது. அவர் ஓட வைத்ததால்தான், ஆள் இல்லாமலே ஓடுகிறது என்று அரசாங்கம் மேஜையில் புத்தகத்தைப் போட்டிருக்கிறது.

நான் பாலத்தில் திரும்பி நடந்தபோது மண்டைக்குள் ஒரே இரைச்சல். பார்த்ததை அப்படியே அறிக்கையாக எழுதினால் என்ன ஆகும்? பாதுகாக்கப்பட்ட இடத்தில் வெளியாள், அதோடு போலிக் கையெழுத்து. மலர்க்கொடி மேல் வழக்கு. அனுமதித்ததற்காகக் காதர் பாயும் இன்னொருவரும் சஸ்பென்ட். சங்கத்தின் கோரிக்கை அதோடு கோவிந்தா. எழுதாமல் விட்டால்? நடுவில் உட்கார வேண்டியவள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று அர்த்தம்.

அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. காலையில் சீனிவாசனுக்கு போன் செய்தேன். "ரெண்டு பேரு போதும்னு சொல்றீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் கிணத்துல நீங்களும் நானும் செயலாளரும் உக்காந்து பாப்போம். ரெண்டு பேரை வெச்சு ஓடிட்டா நான் உங்க பக்கமே குறிப்பு எழுதறேன். கையெழுத்து விஷயத்தை அன்னிக்கே உங்களுக்குச் சொல்லிடறேன்."

அவர் ஒத்துக்கொண்டார். மலர்க்கொடியிடம், அன்று ஒரு நாள் கிணற்றுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப ரீடிங்?"

"விட்டுப்போகட்டும்."

"விட்டுப்போனதே இல்லையே மேடம்," என்றார். நான் ஏதோ தகாத காரியத்தைச் சொல்லிவிட்டது போல என்னைப் பார்த்தார்.

அந்த நாள் காலை நன்றாகத்தான் போனது. காதர் பாய் பேனலையும் புத்தகத்தையும் சேர்த்துப் பார்த்தார். எண்கள் கோணலாக விழுந்தன. ஆனாலும் விழுந்தன. அவரே ஓடிப்போய் போனில் கத்தினார். சீனிவாசன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அந்தோணிசாமி பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்குச் சீனிவாசன் ஜன்னலருகே போய் நின்றார். "மேடம், அங்க கரையில யாரு?"

வாழைத்தோப்பின் விளிம்பில், தண்ணீரையொட்டி, ஓர் உருவம். காக்கிச் சட்டை. அசையாமல் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றது. சில நிமிடங்களில் தோப்புக்குள் போய்விட்டது.

பதினோரு மணிக்கு மறுபடியும் வந்து நின்றது. சீனிவாசன் கடிகாரத்தைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பதினொன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது. நம் ஊரில் இதற்கு யாரும் ஏற்பாடு செய்யத் தேவையில்லை.

மோட்டார் நின்ற அந்த அமைதியை எப்படிச் சொல்வது? காது அடைத்துக்கொண்டது. கீழே திறப்பிலிருந்து தண்ணீர் முனகுகிற சத்தம் எழுந்து வந்தது. குழாயில் ஏறிய தண்ணீர் திரும்பி வந்து அடிப்பதற்குள் வால்வை மூட வேண்டும். வால்வுக்காரர் ஒரு சக்கரத்தைச் சுற்றினார். இன்னொன்று இறுகிவிட்டது. காதர் பாய் பேனலை விட்டுவிட்டு ஓடினார். அந்தோணிசாமி சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு போனார். கரண்ட் வந்தது. பேனலில் ஆள் இல்லை. மோட்டார் நின்றபடியே இருந்தது. குழாய் உதறிய உதறலில் சுவர்க் கடிகாரம் கீழே விழுந்தது.

பன்னிரண்டு மணி தாண்டியதை யாரும் கவனிக்கவில்லை. டேங்குக்கு யாரும் சொல்லவில்லை.

பன்னிரண்டரைக்கு வயர் போன் அடித்தது. எங்களுக்குப் பக்கத்தில். சீனிவாசன்தான் எடுத்தார். மோட்டார் ஓடாததால் அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. வரதன். அழுகிற குரல்.

"தனபால் அண்ணே... கோவமா அண்ணே? ஏன் தட்டலை? காலையிலேர்ந்து நீங்க தட்டவே இல்ல. இங்க டேங்க் காலியாயிட்டு. நான் வால்வை மூடலை அண்ணே. நீங்க எப்படியும் தட்டுவீங்கன்னு உக்காந்திருந்தேன்..."

சீனிவாசன் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை மெதுவாக, சத்தம் வராமல் வைத்தார்.

"யாரு மேடம் தட்டறது?" என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும். நசுங்கிய விரல்கள், பதினோரு வருடம், எட்டு மாதம், சம்பளமில்லாத மூன்றாவது ஆள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வாழை நாரைக் கையில் எடுத்துச் சுற்றினார். "நான் அசிஸ்டென்ட் இன்ஜினியரா இருந்தப்ப இங்க இன்ஸ்பெக்ஷனுக்கு வந்திருக்கேன் மேடம். இந்த எழுத்தைப் பாத்துட்டு ஓரத்துல 'நன்று'ன்னு எழுதிட்டுப் போனேன். தனபாலைக் கூப்பிட்டுக் கை குடுத்தேன். அவரு இடது கையை நீட்டினாரு. மரியாதை தெரியாத ஆளுன்னு நினைச்சேன்."

எழுந்து பாலத்தில் நடந்தார். நானும் போனேன். மணி ஒன்றாகப் போகிறது. கரையில் மலர்க்கொடி வந்து நின்றுவிட்டார். அதிகாரியைக் கண்டதும் அவசரமாகச் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

"இருக்கட்டும்," என்றார் சீனிவாசன். போலீஸ் என்று சொல்வாரோ என்று நான் பயந்துகொண்டே நின்றேன். அவர் கேட்டது இதுதான்: "ஏழுக்கு நடுவுல ஏன் கோடு போடறீங்க?"

"அவசரத்துல ஒண்ணுன்னு படிச்சுடக் கூடாதுல்ல சார்."

அவர் தலையாட்டினார். வெகுநேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அன்று ஸ்ரீரங்கத்தில் பாதித் தெருவுக்குச் சாயங்காலம் வரை தண்ணீர் இல்லை. எங்கள் அபார்ட்மென்டிலும் இல்லை. என் வீட்டுக்காரர் திட்டிய திட்டை நான் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன்.

நான்காவது அமர்வில் சீனிவாசன் மேலே இருந்து வந்த காகிதத்தை எடுக்கவே இல்லை. மூன்றாவது ஆள் இன்றியமையாதவர் என்று தன் கைப்படக் குறிப்பு எழுதினார். அது சென்னைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி போய்... ஒருவழியாக ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று ஆள் தொடரும். சம்பள உயர்வு சங்கம் கேட்டதைவிடக் குறைவு, அரசு சொன்னதைவிட அதிகம். வழக்கம்போல. புகார் கொடுக்கவில்லை. பழைய லாக் புக் 'முடிந்தது' என்று கட்டி வைக்கப்பட்டது. அந்தோணிசாமி தட்டிலிருந்த கடைசி பிஸ்கட்டை இரண்டாக உடைத்து, பாதியை எதிர்ப்பக்கம் நீட்டினார்.

வரதனிடம் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். நம்பினார். நிம்மதியாக மூச்சு விட்டார். போன் நெற்றியில் இருந்த திருமண்ணை மட்டும் அழிக்கவில்லை. "இருந்துட்டுப் போகட்டுமே மேடம்," என்றார்.

நான் செய்தது சரியா? ஒரு சமரச அலுவலர், தெரிந்ததை மறைத்து ஒரு நாள் நாடகம் நடத்தலாமா? ஊரின் தண்ணீரை வைத்து? விதிப்புத்தகத்தைக் கேட்டால் கூடாது என்றுதான் சொல்லும். நானும் பல நாள் அதையே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த மேஜையைச் சுற்றி மூன்று அமர்வுகள் உட்கார்ந்த நாங்கள் எல்லோரும் மூன்றாவது ஆள் வேண்டுமா வேண்டாமா என்று மணிக்கணக்கில் வாதம் செய்தோம். அந்த மூன்றாவது ஆள் அதே நேரத்தில் அங்கே ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பேயைவிட எனக்கு இதுதான் இன்றும் பயமாக இருக்கிறது.

மலர்க்கொடிக்கு வாரிசு வேலை கிடைக்க ஒன்றரை வருடம் ஆனது. கிணற்றில் இல்லை. மண்ணச்சநல்லூரில் ஓர் அலுவலகத்தில் உதவியாளர். இதை எழுதலாமா என்று கேட்க இந்த வாரம் அவருக்கு போன் செய்தேன். பேரை மாத்திட்டு எழுதுங்க மேடம் என்றார். பிறகு, தானாகவே, இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

வேலையில் சேர்ந்த முதல் நாள். வருகைப் பதிவேட்டை நீட்டி, கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். போட்டார். கண்காணிப்பாளர் பார்த்துவிட்டு, "யாரும்மா தனபால்? உன் பேரைப் போடு," என்றார். மறுபடி பேனாவை வைத்தார். மறுபடியும் அதே 'த', அதே வால்.

"அப்புறம் ஒரு துண்டுக் காகிதம் வாங்கி, மலர்க்கொடி, மலர்க்கொடின்னு ஒரு பக்கம் எழுதிப் பழகிட்டுத்தான் மேடம் போட்டேன். கை தானா அங்கதான் போகுது." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, என் பெயரை ஒரு முறை எழுதிப் பார்த்தேன். சும்மாதான்.